கடைசி சீட்டில் யார்?

ஒரு வீட்டில் ஆறு பேர், இரண்டு கார். எங்கே கிளம்பினாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒரு கல்யாண வீட்டு வாசலில் போய் இறங்கினால், வரவேற்கிறவர்கள் முதல் காரில் வந்தவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கிறார்கள். பிறகு இரண்டாவது காரிடம் வந்து, நீங்க யார் வீட்டுப் பக்கம் என்று விசாரிக்கிறார்கள். ஆறு மாதமாக இந்தக் கூத்துதான் நடக்கிறது.

போன வாரப் பகுதியைப் படிக்காமல் விட்டவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரிகிறதென்றால் அது அவர் போட்ட பிச்சை. மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. பெரியவளுக்குப் பதிமூன்று வயது. அவளுக்குக் கீழே எட்டு வயதில் ஒரு பையன். எதைச் சொன்னாலும் 'அது எப்படி?' என்று மடக்குவதால் அவனுக்கு வக்கீல் என்று பேர்.

சிஸ்டர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தெரு முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும், நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவருக்கு ஐந்து வயதில் இரட்டைப் பெண்கள். முதலில் பிறந்தவள் முந்தி, அடுத்தவள் பிந்தி. இரண்டையும் தனி ஆளாக வளர்த்தவர். ஆறு மாதத்துக்கு முன்னால் மாஸ்டரும் சிஸ்டரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இன்னும் ஒருவரையொருவர் 'நீங்க, வாங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பார்க்கிற நமக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

எல்லாம் ஒட்டிக்கொண்டது, பெரியவளைத் தவிர. மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சிஸ்டரிடம் அவள் மொட்டையாகத்தான் பேசுவாள். அம்மா கிடையாது, ஆன்ட்டி கிடையாது, ஒன்றும் கிடையாது. சிஸ்டரின் காரில் ஒரு நாளும் ஏறியதில்லை. அப்பாவின் காரில், முன் சீட்டில், அவள் அம்மா உட்கார்ந்த இடத்தில்தான் உட்காருவாள்.

போதாததற்கு மாமா ஒருவர் இருக்கிறார். அவள் அம்மாவின் தம்பி. நாலு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊரில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. வராதவர் அன்றைக்கு மாஸ்டரின் போனில் பெரியவளைக் கூப்பிட்டு, "அங்க உனக்கு ஒரு சின்னக் குறைன்னாலும் ஒரு போன் போடு. நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். இது மாஸ்டருக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிஸ்டர்தான் ஆறு மாதமாக அந்த ஒரு போனை நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். பெண் முகம் வாடினால் சிஸ்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்தச் சனிக்கிழமை வேன் வாங்கப் புறப்பட்டார்கள். ஆறு பேரும் ஒன்றாக உட்காருகிற மாதிரி ஒரு வண்டி, பழையதானாலும் நடுவழியில் நின்று கழுத்தறுக்காத வண்டி.

வேன் வாங்கவும் இரண்டு காரில்தான் போனார்கள். வேறு வழி?

*

வாசலிலேயே சண்டை ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. வக்கீல் அட்டையில் ஒரு பாலம் செய்திருந்தான். வழியில் அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒட்டின பசை காயவில்லை, சாய்த்து வைக்கக் கூடாது. அதனால் பாலத்தை முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டான்.

பெரியவள் வந்து கதவைத் திறந்தால் அவள் இடத்தில் பாலம்.

மாஸ்டர் சொன்னார், "நீ பெரியவ இல்லியா, இன்னிக்கு ஒரு நாள் பின்னாடி உக்காரும்மா."

மாஸ்டர் நல்லவர்தான், ஆனால் வாய் இருக்கிறதே. கல்யாணமானதிலிருந்து அந்தப் பெண் கேட்கிற ஒரே பாட்டு 'நீ பெரியவ இல்லியா.' அலமாரியை விட்டுக்கொடுத்தாள், ஜன்னலோரக் கட்டிலை விட்டுக்கொடுத்தாள். இப்போது ஒரு அட்டைப் பாலத்துக்கு எழுந்து கொடுக்க வேண்டும். அவள் கதவைச் சாத்தினாள். நேரே பின்னால் நின்ற காருக்குப் போனாள், முன் கதவைத் திறந்தாள், உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

சிஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் கியரில் போட்டதும் வண்டி அணைந்துபோயிற்று. மறுபடி கிளப்பினார். பின்னால் முந்தியும் பிந்தியும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தன. எதையாவது உளறிவிடப் போகின்றனவே என்று கண்ணாடியிலேயே அவர்களுக்குக் கண்ணை உருட்டிக் காட்டினார்.

கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு பெரியவளே கேட்டாள், ஆபரேஷன் செய்கிறபோது வயிற்றுக்குள் கத்தரிக்கோலை மறந்து வைத்துத் தைத்துவிடுவார்களாமே, நிஜமா என்று. சிஸ்டர் சிரித்தார். அதற்குத்தான் தன்னைப் போன்றவர்கள் இருக்கிறோம் என்றார். திறக்கும் முன் எல்லாவற்றையும் எண்ணுவோம், மூடும் முன் மறுபடி எண்ணுவோம், ஒரு பஞ்சுத் துண்டு குறைந்தாலும் டாக்டரைத் தைக்க விடமாட்டோம், எத்தனை பெரிய டாக்டரானாலும் நிற்க வேண்டியதுதான் என்றார்.

"ஒரு தடவைகூட தப்பானதில்லையா?"

"இதுவரைக்கும் இல்ல."

பெரியவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தச் சாலையில் இருந்த பள்ளங்களை எல்லாம் சிஸ்டர் அன்றைக்குப் பார்த்துப் பார்த்து இறக்கி ஓட்டினார். உள்ளே சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

*

பழைய வண்டிக் கடை ஒரு பெரிய மைதானம் மாதிரி இருந்தது. வரிசை வரிசையாக வண்டிகள், நடுவில் ஒரு தகரக் கூரை ஆபீஸ். நடத்துவது ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறவர். விற்கிறவர்களுக்கு உள்ள வாய் அவருக்கு இல்லை. சாவியை நீட்டி, ஓட்டிப் பார்த்துக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வேன்கள் தேறின. ஒன்று நீலம், பளபளவென்று. பட்டனைத் தட்டினால் பக்கக் கதவு தானாகத் திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுக் கூரையிலிருந்து ஒரு டிவி மடங்கி இறங்கியது. போதாதா? முந்தியும் பிந்தியும் வக்கீலும் உள்ளே ஏறியவர்கள் இறங்கவில்லை. இதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். டிவி இருந்தால் நெடுந்தூரம் போகும்போது தாங்கள் சண்டை போட மாட்டோம், அதனால் ஓட்டுகிறவருக்குக் கவனம் சிதறாது, ஆகவே இதுதான் பாதுகாப்பான வண்டி என்று வக்கீல் வாதாடினான்.

இன்னொன்று சாம்பல் நிறம். பார்க்க ஒன்றுமில்லை, மழை மேகத்துக்கு நாலு சக்கரம் மாட்டிய மாதிரி. ஆனால் ஒரே ஆள் வைத்திருந்த வண்டி. டயர் நாலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. பெல்ட்டுகளை இழுத்துவிட்டால் தயங்காமல் உள்ளே போயின.

மாஸ்டர் வண்டி பார்க்கிற அழகைச் சொல்லியாக வேண்டும். அவர் ஓட்டிப் பார்க்க மாட்டார். இருபது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சம்பாதித்தவர் அவர். அங்கே இருந்தால்தான் வண்டியின் குணம் தெரியும் என்பார். சிஸ்டரை ஓட்டச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார். அதெல்லாம் சரி. அவருடைய பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. வேனில் அது கிடையாது. காலுக்கு அது தெரியுமா? ஒவ்வொரு திருப்பத்திலும் மாஸ்டர் தரையை ஓங்கி மிதித்தார். சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

"இன்னொரு தடவை மிதிச்சீங்கன்னா இறங்கி நடந்து வாங்க" என்றார் கடைசியில். வக்கீல் பின்னாலிருந்து அதை வழிமொழிந்தான்.

நீலத்தில் கியர் மாறும்போது ஒரு சின்னக் குலுக்கல் இருக்கிறது, இன்றைக்கு ஒன்றும் செய்யாது, நாளைக்குக் கையைக் கடிக்கும் என்றார் மாஸ்டர். சாம்பல்தான் அவர் கட்சி. குழந்தைகள் மூவரும் நீலக் கட்சி. சிஸ்டருக்கு எந்தக் கட்சியும் இல்லை. அவர் பெரியவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவளோ எதிலும் கலந்துகொள்ளாமல் தள்ளி நின்ற இன்னொரு வரிசையில், ஏதோ ஒரு பழைய வண்டியின் படியில் உட்கார்ந்து புத்தகத்தில் மூழ்கிப்போயிருந்தாள்.

சாம்பலைக் கேட்டு இன்னொருவர் சாயங்காலம் வருகிறார், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்றார் கடைக்கார அம்மாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று கிளம்பினார்கள்.

கிளம்பினதா அது? இரட்டையரை நீல வண்டியிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றை இறக்கினால் இன்னொன்று ஏறியது. இரண்டும் சேர்ந்து போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டர் ஆளுக்கொரு கையாகத் தூக்கித் தன் காரில் திணித்தார். மாஸ்டர் வக்கீலின் மேல்முறையீட்டைக் கேட்டபடி தன் காரை எடுத்தார்.

மாஸ்டர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். பாலத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாயிற்று, சீட் காலிதான், ஆனால் பெண் இல்லை. மனசு குளிர்ந்துபோயிற்று அவருக்கு. திரும்பவும் அவங்க கார்லயே போயிட்டா என்று நினைத்தார். கையை அசைத்து, கூப்பிட்டுப் பேசி அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி பார்க்காமல் வண்டி எடுத்தால் மாணவர்களைத் திட்டித் தீர்க்கிற மனுஷன்.

சிஸ்டரும் பக்கத்து சீட்டைப் பார்த்தார். காலி. அவர் மனசு வாடிப்போயிற்று. கோபம் தீர்ந்து அப்பாவிடமே போய்விட்டாள், ஒரு தடவை வந்தாளே, அதுவே பெரிசு என்று தேற்றிக்கொண்டார். பஞ்சுத் துண்டை எண்ணுகிறவர் பிள்ளைகளை எண்ணவில்லை.

எனக்கு இருவர் மேலும் ஆத்திரம் வருகிறது. ஆனால் ஒருவர் சந்தோஷத்தில் பார்க்கவில்லை, மற்றவர் வருத்தத்தில் பார்க்கவில்லை. எதற்காகத் திட்டுவது?

*

வீட்டில் மாஸ்டர் விசிலடித்துக்கொண்டே உள்ளே வந்தார். சிஸ்டர் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஆறாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெரியவள் எங்கே, கை கழுவப் போயிருக்கிறாளா என்று கேட்டார்.

மாஸ்டர் விசிலை நிறுத்தினார். "உங்க கூடத்தானே வந்தா?"

"உங்க கூடத்தானே வந்தா?"

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"எங்க விட்டே?" என்றார் மாஸ்டர். "நீ எங்க விட்டே?" என்றார் சிஸ்டர். கல்யாணமாகி முதல் 'நீ' இப்படித்தான் வந்து விழுந்தது. வந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அவளிடம் போன் கிடையாது. பதினைந்து முடியட்டும் என்பது வீட்டுச் சட்டம். கடைக்கார அம்மாளின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. சின்னவர்கள் மூன்று பேரையும் எதிர்வீட்டு டீச்சரிடம் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். ஓடினவர்கள் ஒரு காரில் ஏறக் கூடாதோ? பழக்க தோஷம், அவர் அவருடைய காரில், இவர் இவருடைய காரில்.

சிஸ்டர் முன்னால் போய்விட்டார். மாஸ்டரால் முடியவில்லை. பெண்ணைத் தொலைத்துவிட்டுப் போகிற அப்பனாக இருந்தாலும், மஞ்சள் விளக்கைப் பார்த்தால் அவர் கால் தானாக பிரேக்கில் போய் நிற்கிறது. இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஊறிப்போனது. விளக்குகளும் அன்றைக்கு அவரைப் பார்த்துப் பார்த்து மஞ்சளாகின. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு நின்றார் மனுஷன்.

சிஸ்டருக்கு வழியெல்லாம் ஒரே எண்ணம். காலையில் அவளாக வந்து ஏறினாள். தன்னை நம்பி முதல் தடவை ஏறினாள். அதற்குத் தான் செய்தது இது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளை ஏறிக்கொள் என்று சொல்வது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்போது அழுதால் சாலை தெரியாது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு ஓட்டினார்.

*

கடையில் இறங்கி வரிசைகளுக்கு நடுவே ஓடினார். பழைய வண்டியின் படியில் பெண் இல்லை. ஆபீஸில் கடைக்கார அம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று பெண் சொன்னதாம். அதனால் அவர் விட்டுவிட்டாராம். அதோ சாம்பல் வண்டியில் இருக்கு என்று கையைக் காட்டினார்.

ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தாள் பெரியவள். கண்ணாடியை மேலும் கீழும் திருப்பிக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம் என்பது பார்த்ததும் தெரிந்தது.

சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. நீ அப்பா காரில் இருக்கிறாய் என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. "நான் உன்னை எண்ணல" என்றார். "தப்பு என் பேர்லதான்."

பெரியவள் அவரையே பார்த்தாள். அப்பா பேரிலும் பழி போடுவார், அவளையும் இரண்டு வார்த்தை கேட்பார் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். வரிசையாகச் சொல்ல அவளும் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

"பின்னாடி போய் உக்காருங்க" என்றாள். "கடைசி சீட்ல."

சிஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. ஏறி, குனிந்து, நடு சீட்டைத் தாண்டி, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார்.

பெரியவள் நடுக் கண்ணாடியைப் பார்த்தாள். "தெரியறீங்க. இந்த ஓரம் வாங்க. ம், தெரியறீங்க. அந்த ஓரம். தெரியறீங்க."

இறங்கினாள். சிஸ்டரையும் இறக்கி நீல வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் கடைசி சீட்டுக்கு அனுப்பினாள். அவள் முன்னால் ஏறிக்கொண்டு, கையை நீட்டி அந்த டிவியை இறக்கிவிட்டாள்.

"தெரியல" என்றாள். "இந்த ஓரம் வாங்க. தெரியல. அந்த ஓரம். ம்ஹும். டிவி மறைக்குது. மேல மடக்கினாலும் சீட்டு உசரம். பின்னாடி யாரு இருக்கா, யாரு இல்லைன்னே தெரியாது. நீங்க ரெண்டு பேரும் இருக்கிற லட்சணத்துக்கு இந்த வண்டி ஆகாது."

பின்னாலிருந்து பதில் இல்லை.

"என்ன, தூங்கிட்டீங்களா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பெரியவள் திரும்பி, டிவியை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். சிஸ்டர் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"அழாதீங்க" என்றாள் பெரியவள். கொஞ்சம் பொறுத்து, "நான் அழுது முடிச்சிட்டேன். நீங்க இப்ப ஆரம்பிச்சா எப்படி?" என்றாள்.

சிஸ்டருக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. பெரியவளுக்கும் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒருத்தி முன் சீட்டில், ஒருத்தி கடைசி சீட்டில், நடுவில் டிவி தொங்க, இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த நேரத்துக்குத்தான் மாஸ்டர் வந்து சேர்ந்தார். பெண்ணைத் தேடி வந்தவருக்கு உள்ளே கேட்ட சிரிப்பு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவள் இறங்கினதும் அவள் தலையைப் பிடித்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டார். 

"மஞ்சள் விளக்கா?" என்றாள் அவள் அவர் சட்டைக்குள்ளிருந்து.

"எல்லாமே" என்றார் மாஸ்டர்.

சாம்பல் வண்டி என்று முடிவாயிற்று. கண்ணாடி விஷயத்தைக் கேட்டு மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, அதனால்தான் தனக்குத் தட்டுப்படவில்லை என்று விளக்கம் வேறு கொடுத்தார். இனிமேலாவது ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து வண்டி பாருங்கள் என்றார் சிஸ்டர். வண்டியை எங்களுக்கே நிறுத்திவையுங்கள் என்று கடைக்கார அம்மாளிடம் சொல்ல ஆபீஸ் பக்கம் மூவரும் நடந்தார்கள். பெரியவள் நடுவில் வந்தாள்.

அம்மாளே எதிரில் வந்தார், தன் போனை நீட்டிக்கொண்டு.

"உங்க பொண்ணுக்குத்தான். அப்ப என் போன்ல பேசிச்சே, அவங்க. கிளம்பி வந்துட்டு இருக்காங்களாம்."

பெரியவள் முகம் வெளுத்தது. போனை வாங்க அவள் கை நீளவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிஸ்டரைப் பார்த்தே சொன்னாள்.

"கோவத்துல மாமாவுக்குப் போன் பண்ணிட்டேன். என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்."

ஆறு மாதமாக எதை நினைத்துப் பயந்தாரோ அந்தப் போன் இப்போது சிஸ்டரின் முன்னால் நீண்டிருந்தது. மாஸ்டர் முந்திக்கொண்டு கை நீட்டினார். பூசி மெழுகிச் சமாளித்துவிடலாம் என்று அவருக்கு எண்ணம். சிஸ்டர் அவர் கையை விலக்கிவிட்டுப் போனைத் தானே வாங்கினார்.

மாமாவின் குரல் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்டது. அவர் கேட்டது ஒன்றுதான், குழந்தை சொன்னது நிஜமா?

"நிஜம்தாங்க" என்றார் சிஸ்டர். "விட்டுட்டுப் போயிட்டோம். வீட்டுக்குப் போய்த் தட்டு வைக்கும்போதுதான் தெரிஞ்சுது. அவ ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல. நீங்க என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கணும், சொல்லுங்க."

மாமா சொன்னார். நிறையவே சொன்னார். அக்காவின் பேரைச் சொல்லிச் சொன்னார். சிஸ்டர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல் நின்று கேட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் உடையவில்லை. பெரியவள் அவர் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்தவளுக்கு, அந்த நியாயத்தை எதிராளியே எடுத்துக் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெண்ணிடம் கொடுங்கள் என்றார் மாமா. சிஸ்டர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவள் தாராளமாகப் பேசட்டும் என்று நாலடி தள்ளிப் போகத் திரும்பினார். பெரியவள் அவர் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"மாமா" என்றாள். "நான்தான். அழுகையெல்லாம் நின்னுடுச்சு. வேன் பார்த்திருக்கோம், சாம்பல் கலர். நான்தான் பார்த்துச் சொன்னேன்."

அப்போ நான் திரும்பிப் போயிடட்டுமா என்று அந்தப் பக்கம் மாமா கேட்டார்.

"இல்ல மாமா, திரும்பிப் போகாதீங்க. வாங்க. இவ்வளவு நாளா நீங்க வரவே இல்லியே. ஆனா கூட்டிட்டுப் போறதுக்கு வராதீங்க. இருந்துட்டுப் போறதுக்கு வாங்க."

மாஸ்டர் மறுபக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ ஒரு வண்டியின் டயரை உற்றுப் பார்த்தார். சிஸ்டர் அசையவில்லை, அசைந்தால் அந்தப் பிடி நழுவிவிடும் என்கிற மாதிரி.

போனில் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. சாலையோரமாக நிறுத்திவிட்டார் போலிருக்கிறது.

"அதை நான் வந்து, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் மாமா. போனை வைத்துவிட்டார்.